காளிக்கு நேர்ந்த முடி

தம்பி,

போனை எடுத்தால் நாம் இருவரும் சண்டையில்தான் போய் நிற்கிறோம், அதனால் எழுதுகிறேன். "என் உயிர வேணும்னாலும் கேளும்மா, முடிய மட்டும் கேக்காத" என்று நீ சொன்னதும், "அப்படின்னா உன் கல்யாணத்துக்கு என்னை எதிர்பாக்காத" என்று சொல்லி நான் போனை வைத்ததும்தான் நாம் கடைசியாக ஒருவரோடு ஒருவர் பேசியது. அதற்குப் பிறகு நீ சொல்வதை உன் அப்பா என்னிடம் கொண்டுவருகிறார், நான் சொல்வதை உன்னிடம் கொண்டுபோகிறார். பாவம் அந்த மனிதர், பாதியை மறந்துவிடுகிறார், மீதியைச் சமாதானமாக மாற்றிச் சொல்லிவிடுகிறார். நான் திட்டியதெல்லாம் உன்னிடம் ஆசீர்வாதமாக வந்து சேர்ந்திருக்கும். இப்போது பள்ளிக்கூடத்தில் சத்துணவு முடிந்துவிட்டது. பிள்ளைகள் கைகழுவிவிட்டு வகுப்புக்குப் போய்விட்டார்கள். ஆயா அண்டாவைத் துலக்கிக்கொண்டிருக்கிறாள். அமைப்பாளரான எனக்கென்று போட்டிருக்கும் நாற்காலியில் உட்கார்ந்து நிதானமாகச் சொல்கிறேன். நீயும் குறுக்கே பேசாமல் கேள்.

உயிரை வேண்டுமானாலும் கேள் என்றாயே, உன் உயிரை நான் ஏற்கெனவே ஒருதரம் கேட்டு வாங்கியிருக்கிறேன். இந்த முடிப் பிரச்சினையே அதிலிருந்து வந்ததுதான். காளிக்கு ஒரு நேர்த்திக்கடன் பாக்கி இருக்கிறது, கல்யாணத்துக்கு முன்னால் உனக்கு மொட்டை போட வேண்டும் என்பது மட்டும்தான் உனக்குத் தெரியும். அதை ஏன் கல்யாணம்வரைக்கும் தள்ளி வைத்தேன் என்பதை உன் அப்பாவிடம்கூட நான் சொன்னதில்லை.

நம் பக்கத்துக்கு அறுவடை மெஷின் புதிதாக வந்த காலம் அது. பாபநாசத்தில் ஒரு புரோக்கர், பஞ்சாப்பிலிருந்து மெஷினையும் அதை ஓட்டும் ஆட்களையும் சேர்த்தே வரவழைத்தார். தை பிறந்ததும் வருவார்கள், மாசி முடிவதற்குள் கிளம்பிவிடுவார்கள். மேலத்தெருவில் அவர்களுக்குத் தங்க யாரும் இடம் கொடுக்கவில்லை. நம் காலனிச் சமுதாயக்கூடத்தைத் திறந்துவிட்டார்கள். உன் அப்பாவுக்கு மெஷினுக்கு வழிகாட்டும் வேலை. எந்த வயலில் இன்னும் ஈரம் காயவில்லை, எந்த வரப்பில் ஏற்றலாம், எந்த மதகு அந்தக் கனத்தைத் தாங்காது என்பதெல்லாம் அவருக்குத்தான் தெரியும். எனக்கோ அந்த மெஷினைப் பார்த்தாலே பற்றிக்கொண்டு வரும். அது வரும்வரை அறுப்பு எங்களுடையது. பெண்கள் வரிசையாக வயலில் இறங்கினால் பேச்சும் பாட்டும் ஏச்சுமாகப் பொழுது போவதே தெரியாது. கூலி நெல் வீட்டுக்கு வரும். நாங்கள் நாள்கணக்கில் குனிந்து அறுப்பதை அது ஒரு காலைப்பொழுதில் முடித்துவிட்டு அடுத்த வயலுக்குப் போயிற்று. அந்தக் கோபத்தை யார்மீது காட்டுவது என்று தெரியாமல் அதை ஓட்டிவந்தவர்கள்மீது காட்டினோம். குழாயடியில் அவர்களுக்கு வழிவிட மாட்டோம்.

அந்தக் கூட்டத்தில் மூத்தவர் குர்மீத் சிங். நம் தெருவுக்கு அவர் வெறும் 'சிங்கு'. ஒருநாள் பம்புசெட்டுக்குத் துணி துவைக்கப் போனோம். அவர் தலைப்பாகையை அவிழ்த்து வைத்துவிட்டுத் தலையை அலசிக்கொண்டிருந்தார். இடுப்புவரைக்கும் முடி. எங்களில் ஒருத்திக்கும் அவ்வளவு கிடையாது. நாங்கள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தோம். அவர் கோபித்துக்கொள்ளவில்லை. சின்ன மரச்சீப்பு ஒன்றை எடுத்துச் சிக்கெடுக்க ஆரம்பித்தார். வயல் புழுதியெல்லாம் முடிக்குள் போயிருந்தது, சீப்பு நகரவே இல்லை. பார்க்கச் சகிக்காமல் நான்தான் வீட்டிலிருந்து கொஞ்சம் சீயக்காய்த்தூளைக் கொண்டுவந்து கொடுத்தேன். மறுநாள் சுடச்சுட ரொட்டியும் பருப்பும் ஒரு தூக்கில் நம் வீட்டுக்கு வந்தது. நீதான் முதலில் பாய்ந்தாய். அன்றிலிருந்து அவருக்கு நான் 'பெஹன்ஜி', அவர் பாஷையில் சகோதரி, எனக்கு அவர் சிங்கண்ணன். விடிவதற்கு முன்னால் சமுதாயக்கூடத்திலிருந்து அவர்கள் ஓதுகிற சத்தம் கேட்கும். பாட்டும் இல்லை, பேச்சும் இல்லை, ஒரே சீராகப் போகும். நீ தூக்கத்திலேயே அந்தப் பக்கம் திரும்பிப் படுப்பாய். அந்த நாட்களை நினைத்தால் இப்போதும் எனக்கு முதலில் வருவது அந்த ஓசையும், பனியோடு கலந்து வரும் ரொட்டி வாசனையும்தான். மெஷினைப் பார்த்து வயிறெரிந்தவள், அது எப்போது வரும் என்று தை மாதத்துக்குக் காத்திருக்க ஆரம்பித்தேன். மனசு இருக்கிறதே, அதற்கு வெட்கமே கிடையாது.

அடுத்த அறுவடைக்கு அவர்கள் வந்திருந்தபோதுதான் உனக்குக் காய்ச்சல் கண்டது. உனக்கு எட்டு வயது. கஷாயம் கொடுத்தோம், ஊசி போட்டோம், இறங்குவதும் ஏறுவதுமாக இருந்தது. ஒரு மத்தியானம் உனக்கு வெட்டு இழுத்து, கண் மேலே செருகிவிட்டது. உன்னைத் தூக்கிக்கொண்டு உன் அப்பா இருந்த வயலுக்கே ஓடினேன். சிங்கண்ணன் பாதி வயலில் மெஷினை நிறுத்திவிட்டுக் குதித்து இறங்கினார். "மழை வர்ற மாதிரி இருக்கு, முடிச்சுக் குடுத்துட்டுப் போங்க" என்று வயல்காரர் கத்தியது இன்னும் என் காதில் இருக்கிறது. அண்ணன் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அவர்கள் சாமான் ஏற்றிவரும் வேனில் நம்மைத் திணித்துக்கொண்டு தஞ்சாவூர்ப் பெரியாஸ்பத்திரிக்கு விட்டார்.

உன்னை உள்ளே கொண்டுபோய்விட்டார்கள். "இப்ப ஒண்ணும் சொல்ல முடியாதும்மா" என்றார் டாக்டர். உன் அப்பா மருந்துச்சீட்டோடு ஓடிக்கொண்டிருந்தார். சிங்கண்ணன் வராந்தாவில் செருப்பைக் கழற்றி ஒதுக்கிவிட்டுத் தரையில் உட்கார்ந்து கண்ணை மூடி, விடியலில் ஓதுவதையே ஓத ஆரம்பித்தார். எனக்கு ஓதத் தெரியாது. பேரம் பேசத்தான் தெரியும். வாய்க்கால் கரையில் இருக்கும் நம் காளியை மனதில் நிறுத்தி, 'பிழைச்சு வந்தா இவனுக்கு மொட்டை போடுறேன் தாயே' என்று சொல்லப் போனேன், நாக்கு நுனிவரை வந்துவிட்டது. அப்போது ஒரு யோசனை வந்தது. பிழைத்ததும் மொட்டை போட்டுவிட்டால் அதோடு கணக்கு முடிந்துவிடுமே, அடுத்த காய்ச்சலுக்கு என்ன செய்வது? அதனால் மாற்றிச் சொன்னேன். 'தாயே, இவன் வளந்து ஆளாகி, கல்யாணம் நிச்சயமானதும் இவன் தலைமுடிய உன் வாசல்ல கொண்டாந்து குடுக்கிறேன்.' தனக்கு வர வேண்டியது வரும்வரை அவள் உன்னை எப்படி விடுவாள்? சாக விடமாட்டாள் அல்லவா? காளியிடமே என் சாமர்த்தியத்தைக் காட்டினேன் தம்பி. நீ ஆற்றில் வெள்ளம் போகும்போது குதித்ததாகச் சொன்னார்கள், காலேஜ் போகும் வழியில் பஸ் படியிலிருந்து விழுந்தாய், அந்தப் பெரிய புயலன்று வேதாரண்யத்தில் நண்பன் வீட்டில் மாட்டிக்கொண்டு போனும் கிடைக்காமல் போனாய். தெருவே என் வீட்டு வாசலில் வந்து நின்றது. நான் பயந்தேன், ஆனால் அடித்துக்கொண்டு அழவில்லை. முடி இன்னும் பாக்கி இருக்கிறதே என்று ஒரு தைரியம்.

நீ கண் திறந்த அன்று உன் அப்பா நேர்த்திக்கடன் விஷயத்தைச் சிங்கண்ணனிடம் சொன்னார். பாஷை போதாமல், கத்தியால் தலையை வழிப்பதுபோல் கையால் காட்டினார். அண்ணன் முகம் சுருங்கிவிட்டது. தலைப்பாகையைத் தொட்டுக்கொண்டு, அவருக்கு வந்த தமிழில், "முடி சாமி குடுத்தது பெஹன்ஜி. ஏன் வெட்டறது?" என்றார். "சாமி குடுத்ததுனாலதாண்ணே திருப்பிக் குடுக்கிறோம்" என்றேன். அவரும் விடவில்லை. "நாங்க அதனாலதான் வெச்சிருக்கோம்" என்றார். இரண்டு பேருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. யார் சொன்னது சரி என்று நாங்கள் அதற்குமேல் பேசவில்லை. பிள்ளை பிழைத்துவிட்டது, அது போதும் என்று இருந்தது. பிறகு உள்ளூரிலேயே மெஷின்கள் வந்துவிட்டன, அவர்கள் வருவது நின்றுபோனது. அவர் எந்த ஊர் என்றுகூட நாம் கேட்டுவைக்கவில்லை. லூதியானாவில் வேலை கிடைத்ததும் நீ அவரைத் தேடியதாகச் சொன்னாய். குர்மீத் சிங் என்று கேட்டால் அங்கே தெருவுக்கு நாலு பேர் வருவார்களாம்.

நீ அந்த ஊருக்கு வேலைக்குப் போனபோது ரொட்டி ஒத்துக்கொள்ளுமா என்றுதான் கவலைப்பட்டேன். ஒவ்வொரு தீபாவளிக்கும் உன் முடி வளர்ந்துகொண்டே வந்தது. முதல் வருஷம் ஸ்டைல் என்று நினைத்தேன். அடுத்த வருஷம் தலைப்பாகையோடு பஸ்ஸிலிருந்து இறங்கினாய். தெருப்பிள்ளைகள் "சிங்கு வந்துட்டாரு டோய்" என்று உன் பின்னாலேயே ஓடிவந்தார்கள். உன் அப்பா உன்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "செல்வக்குமார் சிங்குன்னு கூப்பிட்டா நம்ம ஊர்ல யாருடா திரும்பிப் பாப்பா?" என்றார். மறுநாள் தலைக்கு எண்ணெய் வைத்துவிடச் சொல்லி என் முன்னால் வந்து உட்கார்ந்தாயே, நினைவிருக்கிறதா? சின்னப்பிள்ளையில் எண்ணெய்க் கிண்ணத்தைக் கண்டாலே ஓடி ஒளிபவன் நீயாக வந்து உட்கார்ந்தாய். அவிழ்த்துவிட்டதும் எனக்குத் திக்கென்றது. அதே கருமை, அதே சுருட்டை, கழுத்துப்பக்கம் அதே சுழி. என் முடியை நான் அதுவரை பின்னாலிருந்து பார்த்ததே இல்லை. அன்றுதான் பார்த்தேன். மரச்சீப்பால் சிக்கெடுத்துக்கொண்டே, "ஏண்டா தம்பி இதெல்லாம்?" என்று கேட்டேன். நீ தலையைக் குனிந்துகொடுத்தாய். "அங்க குருத்வாராவுல போய் உக்காந்தா யாரும் என்னை நீ எந்தத் தெருன்னு கேக்கலம்மா" என்றாய். தோல் வேலை செய்தவர் பாடியதும், தறி நெய்தவர் பாடியதும் அங்கே குருவாக வைத்திருக்கும் கிரந்தத்துக்குள் இருக்கிறது, ராஜா வந்தாலும் அதற்கு முன்னால் தரையில்தான் உட்கார வேண்டும் என்றாய். சிலை கிடையாது, சொல்தான் குரு என்றாய். எனக்குப் பாதி புரிந்தது. புரிந்த பாதி போதுமானதாக இருந்தது. அந்தச் சாயங்காலத்தை நான் அடிக்கடி எடுத்து எடுத்துப் பார்த்துக்கொள்கிறேன்.

பிறகு இந்த வருஷம் நீ அமிர்தம் எடுத்துக்கொண்டு தீட்சை பெற்ற சீக்கியனானாய். உடம்பில் ஒரு முடியையும் வெட்டுவதில்லை என்று குருவுக்கு முன்னால் வாக்குக் கொடுத்தாய். அடுத்து ஜஸ்லீனைக் கட்டிக்கொள்ளும் விஷயம் வந்தது. தாலி கிடையாது, முகூர்த்தம் பார்ப்பது கிடையாது, கிரந்தத்தைச் சுற்றி நாலு சுற்று வருவதுதான் கல்யாணம் என்று நீ சொன்னபோது எல்லாவற்றுக்கும் தலையாட்டினேன். மொட்டை ஒன்றுக்குத்தான் என்னால் தலையாட்ட முடியவில்லை. நீயும் வாக்குக் கொடுத்திருக்கிறாய், நானும் கொடுத்திருக்கிறேன், தலை ஒன்றுதான். நான் வீம்புக்கு நின்றதாக நீ நினைத்திருப்பாய். இல்லையப்பா. பயம். வாங்கிய உயிருக்குச் சொன்னதைக் கொடுக்காமல் உன்னை மணவறைக்கு அனுப்பினால் அவள் எதை எடுத்துக்கொள்வாள் என்கிற பயம். நிச்சயம் ஆன நாளிலிருந்து நான் சரியாகச் சாப்பிடவில்லை என்று உன் அப்பா சொல்லியிருப்பார், அதையாவது மாற்றாமல் சொல்லியிருந்தால்.

நிச்சயத்துக்கு லூதியானா வந்த கதையை நீ எல்லோரிடமும் சொல்லிச் சிரிக்கிறாய் என்று கேள்விப்பட்டேன். சிரி, சிரி. சாமி இருக்கும் இடத்துக்கு வெறுங்கையோடு போகலாமா என்று தேங்காய், பழம், வெற்றிலைபாக்கு, சூடம் எல்லாம் தட்டில் அடுக்கிக்கொண்டு வந்தேன். நீ உன் மாமனாரோடு பேசிக்கொண்டு முன்னால் போய்விட்டாய். குருத்வாராவுக்குள்ளே விதானத்துக்குக் கீழே பட்டு விரித்த மஞ்சத்தில் கிரந்த சாகிப் இருந்தது. பின்னால் ஒரு பெரியவர் உட்கார்ந்து வெண்சாமரம் வீசிக்கொண்டிருந்தார். நான் நேரே போய்த் தட்டை நீட்டி, "செல்வக்குமார், மகம் நட்சத்திரம், சிம்ம ராசி" என்றேன். அவர் என்னைப் பார்த்தார், தட்டைப் பார்த்தார், சூடத்தை ரொம்பநேரம் பார்த்தார். நீ ஓடிவந்து, "அம்மா, இங்க அர்ச்சனை கிடையாதும்மா" என்று காதில் சொன்னாய். அந்தப் பெரியவர் சிரிக்கவில்லை. சூடத்தையும் வெற்றிலையையும் என்னிடமே பதனமாகத் திருப்பிக் கொடுத்தார். தேங்காயையும் பழத்தையும் லங்கர் என்கிற பொதுச் சமையலுக்கு அனுப்பச் சொன்னார். என் இரண்டு கையையும் சேர்த்து ஏந்தவைத்து, நெய் ஒழுகும் கோதுமை அல்வாவை வைத்தார். இரவில் அந்தக் கிரந்தத்தைப் போர்வை போர்த்தித் தனி அறைக்குக் கொண்டுபோய்ப் படுக்கவைப்பார்கள் என்று நீ சொன்னபோது, நம் கோயில் பள்ளியறை மாதிரிதானே என்றேன். "அப்படி இல்லம்மா" என்று நீ விளக்க ஆரம்பித்தாய். எனக்கு அப்படித்தான். தூங்கவைத்து எழுப்புகிற இடத்தில் ஒரு தாய்க்கு விளக்கம் வேண்டியதில்லை.

ஆனால் சாப்பாட்டுக்கூடத்தில் நடந்தது உனக்குத் தெரியாது. நீ தண்ணீர் பரிமாறிக்கொண்டிருந்தாய். எல்லோரும் தரையில் வரிசையாக உட்கார்ந்தார்கள், கார் வைத்திருப்பவர்கள், டாக்டர்கள், ரிக்‌ஷாக்காரர்கள் எல்லோரும். நான் தூண் ஓரமாக நின்றுகொண்டிருந்தேன். பசிக்கவில்லையா என்று நீ தூரத்திலிருந்து சைகையில் கேட்டாய், அப்புறம் என்று நான் கையைக் காட்டினேன். பசி உயிர் போயிற்று. நான் முதல் பந்தி முடியட்டும் என்று காத்திருந்தேன். யாரும் என்னை நிற்கச் சொல்லவில்லை. மிராசுதார் வீட்டுக் கல்யாணங்களில் எங்கள் அம்மாவோடு கொல்லைப்பக்கம் நின்று, அவர்கள் எல்லோரும் எழுந்த பிறகு கடைசியாக இலைக்கு உட்கார்ந்த கால்கள் இவை. அத்தனை பெரிய கூடத்தைப் பார்த்ததும் அவை தாமாகவே ஓரத்தில் போய் நின்றுகொண்டன. எனக்கே அது தெரியவில்லை. ஜஸ்லீனின் அம்மா வந்து என்னென்னவோ சொன்னார், ஒன்றும் புரியவில்லை. கடைசியில் என் மணிக்கட்டைப் பிடித்து இழுத்துத் தன் பக்கத்தில் உட்காரவைத்தார். ஒரு பையன் வந்து என் தட்டில் ரொட்டியை வைத்தான். அவர் தட்டில் வைத்த அதே ரொட்டி, அதே நேரத்தில். குனிந்துகொண்டேன். காரம் என்று நினைத்து அவர் தண்ணீரை நகர்த்தினார். அன்று நான் அழுதேன் தம்பி. அழுதுகொண்டே பருப்பு இன்னும் கொஞ்சம் குழைந்திருக்கலாம் என்றும் நினைத்தேன், அது என் தொழில் புத்தி.

அதனால் உனக்குச் சொல்கிறேன். நீ லங்கரில் பரிமாறும்போது தட்டுகளை மட்டும் பார்க்காதே. தூண் ஓரத்தில், செருப்பு வைக்கும் இடத்தில், பசியில்லை என்று கையைக் காட்டிக்கொண்டு யாராவது நிற்பார்கள். அவர்களைப் போய்க் கூட்டிவா. இன்னொன்றும் சொல்கிறேன், கோபித்துக்கொள்ளாதே. அன்று சாயங்காலம் ஜஸ்லீனின் பெரியத்தை உன் அப்பாவைக் காட்டி அவளிடம் ஏதோ கேட்டார். எனக்கு அந்தப் பாஷையில் ஒரு சொல் தெரியாது. ஆனால் என்ன கேட்டார் என்று தெரிந்துவிட்டது. அந்தக் கேள்வியை எந்தப் பாஷையில், எவ்வளவு மெதுவாகக் கேட்டாலும் எனக்குத் தெரியும். ஜஸ்லீன் முகம் சிவந்து வெடுக்கென்று பதில் சொன்னாள், பெரியத்தை எழுந்து போய்விட்டார். அந்தப் பெண்ணை எனக்குப் பிடித்துப்போனது அந்த நிமிஷத்தில்தான். உன் குரு ஒழித்ததை உன் ஜனங்கள் எல்லோரும் ஒழித்துவிட்டார்கள் என்று நம்பி ஏமாந்துவிடாதே. அதற்காக அந்தக் கூடத்தைவிட்டு வரவும் வேண்டாம். உட்கார்ந்த இடத்திலிருந்து எழுந்திருக்காதே.

குடும்பம் நடத்துவதைப் பற்றி எனக்குத் தெரிந்தது கொஞ்சம்தான். நான் வந்த புதிதில் எல்லோரும் சாப்பிட்ட பிறகு அடுக்களை மூலையில் உட்கார்ந்து மிச்சத்தைச் சாப்பிடுவேன். ஒருநாள் உன் அப்பா பார்த்துவிட்டுத் தன் தட்டைத் தூக்கிக்கொண்டு அங்கேயே வந்து உட்கார்ந்தார். என்னோடு சேர்ந்து சாப்பிட்டார். அவர் அம்மா ஒரு வாரம் அவரோடு பேசவில்லை. அவருக்குக் கிரந்தமும் தெரியாது, லங்கரும் தெரியாது. ஜஸ்லீன் நம் வீட்டுக்கு வரும்போது பாஷை தெரியாமல் ஓரமாக நிற்பாள். அப்போது நீ சொந்தக்காரர்களோடு அரட்டை அடித்துக்கொண்டிருந்தால் நானே உன் காதைத் திருகுவேன். தலைப்பாகையைக் கட்டியிருக்கிறாய் என்று பார்க்க மாட்டேன்.

இனி விஷயத்துக்கு வருகிறேன். போன வாரம் பூசாரியிடம் போய், பிள்ளை முடிக்குப் பதிலாக வேறு ஏதாவது கொடுக்கலாமா என்று கேட்டேன். "பூ போட்டுக் கேட்டுடுவோங்க" என்றார். சிவப்புப் பூ ஒரு பொட்டலம், வெள்ளைப் பூ ஒரு பொட்டலம், அம்மன் முன்னால் போட்டு ஒன்றை எடுத்தால் அதுதான் அவள் வாக்கு. வேண்டாம் என்றுவிட்டேன். வேண்டாத பூ வந்துவிட்டால் அவளை மீறவும் முடியாது, உன்னைக் கேட்கவும் முடியாது. வீட்டுக்கு வந்து யோசித்தேன். உன் தலையைக் கேட்காமல் நேர்ந்துகொண்டது யார்? எட்டு வயதுப் பிள்ளை மயங்கிக் கிடந்தான், அவனா வாக்குக் கொடுத்தான்? உன் வாக்கை நீ உன் வாயால் கொடுத்தாய். என் வாக்கை நான் உன் தலைமேல் கொடுத்துவிட்டேன். யோசிக்க யோசிக்க எனக்கு என்மேலேயே கோபம் வந்தது. வெள்ளிக்கிழமை காலையில் குளித்துவிட்டுக் காளி வாசலுக்குப் போய், முடி எடுப்பவர் முன்னால் நான் உட்கார்ந்தேன்.

உன் அப்பா பதறிப்போனார். "நீ எந்திரி, நான் போட்டுக்கறேன்" என்றார். "உங்க தலையில என்ன இருக்குன்னு நீங்க உக்காரப் போறீங்க?" என்றேன். முடி எடுப்பவருக்கே சிரிப்பு வந்துவிட்டது. பூசாரி, "சுமங்கலி, பூமுடி குடுத்தாப் போதும்மா, ஒரு கொத்து" என்றார். ஒரு கொத்துக்கா அவள் உன்னை இத்தனை வருஷம் வைத்திருந்தாள்? முழுதாக எடுங்க என்றேன். கத்தி வைக்கும் முன்னால் அவளிடம் பேசினேன். "தாயே, அவன் முடி இப்ப வேற ஒருத்தர்கிட்ட வாக்குப்பட்டுப் போச்சு. உங்கிட்ட வாய் குடுத்தவ நான். அவன் முடியும் இதுவும் ஒண்ணுதான், நான் பாத்திருக்கேன், அதே சுழிதான். எடுத்துக்க." மடியில் விழுந்ததில் பாதி வெள்ளை. அவ்வளவு வெள்ளை இருப்பது எனக்குத் தெரியவே தெரியாது.

உனக்கு இதைப் படிக்கும்போது மனசு கஷ்டப்படும். உனக்கு முடி எவ்வளவு பெரிது என்று இப்போது எனக்குத் தெரியும், அதனால் உன்னைக் குத்திக்காட்டச் செய்தேன் என்று நினைக்காதே. பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள், "டீச்சர், சாமிக்கா, பேனுக்கா?" என்று கேட்கின்றன. நான் நன்றாகத்தான் இருக்கிறேன். ரயிலுக்கு உன் அப்பா டிக்கெட் போட்டுவிட்டார், இரண்டு பேருக்கும். குருத்வாராவில் எல்லோருமே தலையை மூடியிருப்பார்கள், என்னை யாரும் தனியாகப் பார்க்கப் போவதில்லை. சம்பந்தியம்மாவிடம் மட்டும் நீ முன்கூட்டியே சொல்லிவிடு.

ஒன்றை மட்டும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். சந்தனம் பூசிக்கொண்டு எழுந்தபோது மனசு லேசாகும் என்று எதிர்பார்த்தேன். ஆகவில்லை. கொடுக்க வேண்டியதைக் கொடுத்தாகிவிட்டது. இனி உன்னைக் காப்பாற்ற அவளுக்கு என்ன கட்டாயம்? இருபது வருஷமாக என்னைத் தூங்கவைத்தது அந்தப் பாக்கிதானே. வாசல்வரை வந்தவள் திரும்பி உள்ளே போனேன். நேர்த்திக்கடனெல்லாம் உன் குருவுக்குப் பிடிக்காது, தெரியும். நான் அவரிடம் கேட்கவில்லை, காளியிடம்தான் கேட்டேன். உன் தலையைத் தொடவும் இல்லை. "இவனுக்கு ஒரு புள்ள பொறந்து, அந்தப் புள்ளைக்கு இவன் நின்னு கல்யாணம் பண்ணிவெக்கிற அன்னிக்கு, நான் மறுபடி வந்து இதே எடத்துல உக்காருறேன் தாயே" என்று சொன்னேன். வெளியே நின்ற உன் அப்பாவுக்குக் கேட்டுவிட்டது. "அடியே, அப்ப உனக்கு எம்பது தாண்டிடும்டி" என்றார்.

"தாண்டணும்னுதாங்க கேட்டேன்" என்றேன்.

உன் அம்மா